13 நிமிடம் எங்கே போயிருந்தது?

41 வயதில் முதன்முறையாக ஓர் ஏரியில் நடந்த போட்டியில் 1 கிலோமீட்டர் நீந்தினேன். 42 நிமிடம் ஆனது. கடைசியாகக் கரையேறியது நான்தான். பாதையைக் காட்டும் மிதவைகளை அவிழ்த்துப் படகில் ஏற்றத் தொடங்கிவிட்டிருந்தார்கள். மூன்று வருடம் கழித்து அதே ஏரி, அதே தூரம். 26 நிமிடம் 30 விநாடி.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "அவ்வளவு வேகம் எப்படி வந்தது?" என்றுதான். வேகம் ஒன்றும் பெரிதாக வரவில்லை. நீச்சல் குளத்தில் அப்போது 100 மீட்டரை 2 நிமிடம் 40 விநாடியில் நீந்துவேன், இப்போது 2 நிமிடம் 25 விநாடியில். 15 விநாடி முன்னேற்றம். 1 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை நிமிடம். ஆனால் ஏரியில் குறைந்தது பதினைந்தரை நிமிடம். மீதி 13 நிமிடத்தை நான் முதல் தடவை எங்கே தொலைத்தேன் என்பதுதான் இங்கே எழுத வந்த விஷயம். பெரியவர்கள் ஆன பிறகு ஏரி, கடல் போன்ற திறந்த நீரில் இறங்குகிற பலரும் அந்த 13 நிமிடத்தைத் தேடாமல், இரண்டரை நிமிடத்துக்காகவே வருடக்கணக்கில் மூச்சு வாங்குகிறார்கள். நானும் முதல் வருடம் முழுக்க அதைத்தான் செய்தேன்.

அந்த முதல் நாளைச் சொல்லிவிடுகிறேன். குளத்தில் 1500 மீட்டர் நிற்காமல் நீந்துகிறவள் என்ற தெம்பில் போயிருந்தேன். விசில் ஊதியதும் எல்லோரோடும் சேர்ந்து பாய்ந்தேன். தண்ணீர் நான் எதிர்பார்த்ததைவிடக் குளிர். கீழே பார்த்தால் நீச்சல் குளத்துத் தரையில் இருக்கும் கறுப்புக் கோடு இல்லை, தரை இல்லை, என் கையே முழங்கைக்கு அப்பால் பச்சையாக மங்கிப் போகிறது. யாரோ என் காலைத் தட்டினார்கள், இன்னொருவர் தோள்மேல் கை வைத்தார். 300 மீட்டர் தாண்டியிருக்கமாட்டேன், மூச்சே வரவில்லை. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது. பக்கத்தில் வந்த கயாக்கை, அதாவது சிறு துடுப்புப் படகைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். நான்கு நிமிடம்.

கயாக்கில் இருந்த பெரியவர் பதறவில்லை. "மெதுவா மூச்சு விடும்மா, அவசரமில்ல" என்றார். கொஞ்சம் தெளிந்ததும் கேட்டார்: "ஏம்மா, எங்கதான் போறே? மிதவை அந்தப் பக்கம்ல இருக்கு!" திரும்பிப் பார்த்தால், ஆரஞ்சு மிதவை எனக்கு இடப்புறம் வெகு தொலைவில் இருந்தது. நான் தனியாக யாரும் போகாத திசைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

என் இரண்டு கோளாறையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அது புரிய ஒரு வருடம் பிடித்தது. அன்று வீட்டுக்குப் போனதும் நான் எடுத்த முடிவு, "ஸ்டாமினா போதவில்லை, இன்னும் அதிக தூரம் நீந்த வேண்டும்" என்பதுதான்.

அப்படியே செய்தேன். வாரத்துக்கு 6 கிலோமீட்டரை மூன்றே வாரத்தில் 11 கிலோமீட்டர் ஆக்கினேன். நான்காவது வாரம் வலது தோளைத் தூக்கித் தலை வார முடியவில்லை. இரண்டு மாதம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. இருபது வயதில் செய்கிற கூத்தை நாற்பதில் செய்தால் தோள்பட்டைத் தசைநாண்கள் பொறுக்காது. கையைக் கட்டைவிரல் முதலில் பட நீருக்குள் செருகும் பழக்கமும் எனக்கு இருந்தது. அப்படிச் செருகினால் ஒவ்வொரு வீச்சிலும் தோள் உட்பக்கமாகத் திருகிக்கொள்கிறது. இப்போது உள்ளங்கை தரையைப் பார்த்தபடி, விரல்நுனி முதலில் இறங்கும்படி வைக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் ரப்பர் பட்டையை இழுத்துத் தோளின் பின்பக்கத் தசைகளுக்கு வேலை கொடுக்கிறேன். பத்து நிமிடம்தான். தூரத்தை வாரத்துக்குக் கால் கிலோமீட்டர், அரைக் கிலோமீட்டர் என்றுதான் கூட்டுகிறேன். அதற்குப் பிறகு தோள் வலி வரவில்லை.

தோள் தேறியதும் ஒரு கோச்சிடம் போனேன். என் வயதில் பாதி இருப்பான் அந்தப் பையன். நான் நான்கு முறை குளத்தில் போய்வருவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க காத்தை இழுக்கிறீங்க, விடவே மாட்டேங்கிறீங்க" என்றான். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. மூச்சு விடாமல் ஒருத்தி எப்படி 1500 மீட்டர் நீந்துவாள்?

அவன் சொன்னது சரிதான். முகம் நீருக்குள் இருக்கும்போது நான் மூச்சைப் பிடித்து வைத்திருந்தேன். தலையைத் திருப்பிய அந்த அரை விநாடிக்குள் பழைய காற்றை வெளியே தள்ளிப் புதுக் காற்றையும் இழுக்கப் பார்த்தேன். இரண்டும் பாதிப் பாதிதான் நடக்கும். நமக்கு "மூச்சு முட்டுது" என்ற தவிப்பைத் தருவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, உள்ளே தேங்கும் கார்பன் டை ஆக்சைடுதான். அது வெளியே போகாதவரை எவ்வளவு இழுத்தாலும் தவிப்பு அடங்காது. குளத்தில் ஒவ்வொரு 25 மீட்டருக்கும் சுவரைத் தொட்டுத் திரும்பும்போது ஒரு முழு மூச்சு கிடைத்துவிடும், அதனால் குறை வெளியே தெரியவில்லை. ஏரியில் சுவர் ஏது? 300 மீட்டரில் கணக்குத் தீர்த்துவிட்டது.

இதைச் சரிசெய்ய அவன் கொடுத்த பயிற்சி சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. ஆழம் குறைந்த இடத்தில் நின்று, முகத்தை நீருக்குள் வைத்து மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் குமிழி விடுவது. முழுவதும் விட்டால் உடம்பு தானாகக் கீழே போய்த் தரையில் உட்கார்ந்துவிடும். நான் முதல் நாள் எவ்வளவு முயன்றும் மூழ்கவே இல்லை. அவ்வளவு காற்றை இறுக்கி வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் தரையில் உட்கார முடிந்தது. அதற்கப்புறம் நீந்தும்போது முகம் உள்ளே போன கணத்திலிருந்தே முனகுவதுபோலச் சீராகக் காற்றை விட ஆரம்பித்தேன். "ம்ம்ம்ம்" என்று நீருக்குள் சத்தம் வரும். இன்றைக்கும் பதற்றம் வந்தால் அந்த முனகலைத்தான் முதலில் கேட்டுப் பார்க்கிறேன். அது நின்றிருக்கும்.

ஏரியில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது, குளிர். குளிர்ந்த நீர் சட்டென்று தோலில் பட்டால் உடம்பு தன்னிச்சையாக 'ஹா' என்று காற்றை இழுக்கும், மூச்சு தாறுமாறாக ஓடும், இதயம் படபடக்கும். நீச்சல் வீரர்களுக்கும் இது வரும். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் முகத்தை நீருக்குள் வைத்து வேகமாகக் கைவீசத் தொடங்குவதுதான் நாம் செய்யும் தவறு. இப்போது நான் இடுப்பளவு நீரில் நின்று கழுத்திலும் முகத்திலும் தண்ணீர் அடித்துக்கொள்கிறேன். அப்புறம் மல்லாந்து மிதக்கிறேன். மூச்சு என் சொல்லைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் குப்புறத் திரும்புவது. போட்டி என்றால் தொடங்குவதற்கு முன்பே நீரில் இறங்கி இதைச் செய்துவிடுவேன். விசில் ஊதியதும் கூட்டத்தோடு பாயாமல் ஓரமாக நின்று 20 விநாடி விட்டுவிட்டுக் கிளம்புவேன். அந்த 20 விநாடி வீண் என்று முதலில் வருத்தமாக இருந்தது. கயாக்கில் தொங்கிய நான்கு நிமிடத்தை நினைத்தால் வருத்தம் போய்விடும்.

நாற்பது தாண்டியவர்கள், அதுவும் ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருக்கிறவர்கள், இதில் இறங்குவதற்குமுன் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. நீந்தும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு பிரச்சினையும் உண்டு. உழைப்புக்குச் சம்பந்தமில்லாத மூச்சுத்திணறல், இருமல், சளியில் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் அது பயமோ சோர்வோ அல்ல. உடனே கரையேறி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூச்சு கொடுத்தது நான்கு நிமிடம் என்றால், திசை கொடுத்தது ஒன்பது நிமிடத்துக்கும் மேல்.

அந்த முதல் நாள் கையில் ஜிபிஎஸ் வாட்ச் கட்டியிருந்தேன். அதில் பதிவான கோட்டை வெகுநாள் நான் திறந்தே பார்க்கவில்லை, அவமானம். கோச் கேட்டதால் திறந்தேன். 1 கிலோமீட்டர் பாதையில் நான் 1.38 கிலோமீட்டர் நீந்தியிருந்தேன். ஒவ்வொரு மிதவைக்கும் போகும் வழியில் கோடு வலப்பக்கமாகத் தொப்பை போட்டிருந்தது. எல்லாத் தொப்பையும் ஒரே பக்கம். "இது தண்ணி ஓட்டமில்லக்கா, நீங்கதான்" என்றான்.

குளத்தில் கயிறு கட்டிப் பிரித்திருக்கும் பாதைகளில், யாரும் இல்லாத ஒரு லேனில் கண்ணை மூடிக்கொண்டு 15 கைவீச்சு நீந்தச் சொன்னான். பத்தாவது வீச்சிலேயே வலப்பக்கக் கயிற்றில் மோதினேன். மறுபடி, மறுபடி, அதே கயிறு. நான் வலப்பக்கம் மட்டுமே மூச்செடுப்பேன். தலை வலப்புறம் திரும்பும்போது முன்னால் நீண்டிருக்கும் இடது கை, உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய்விடுகிறது. படகின் சுக்கான் திரும்பினது மாதிரிதான். குளத்தில் தரையில் இருக்கும் கோடு ஒவ்வொரு வீச்சிலும் நம்மை அறியாமல் திருத்திக்கொண்டே இருப்பதால் இந்தக் கோளாறு பத்து வருடம் நீந்தினாலும் தெரியாது. இந்தச் சோதனையைச் செய்து பார்க்காத யாரும் ஏரிக்குப் போகக் கூடாது என்றே எனக்கு இப்போது தோன்றுகிறது. செலவில்லாதது, ஒரு நிமிட வேலை. யார் மீதும் மோதாமல் இருக்கக் காலியான லேன் மட்டும் வேண்டும்.

சரி, எப்படித் திருத்துவது? கை நுழையும் இடத்தை மாற்றினேன். தலைக்கு நேர் முன்னால் வைக்கிறோம் என்று நமக்குத் தோன்றும்போது அது உண்மையில் நடுக்கோட்டைத் தாண்டியிருக்கும். அதனால் கடிகாரத்தில் பத்து மணி, இரண்டு மணி முள் இருக்கும் இடத்தில் கைகளை வைப்பதாக நினைத்துக்கொண்டு நீந்தச் சொன்னான். ஏதோ தவளை மாதிரி அகட்டி நீந்துவதுபோல எனக்கு இருந்தது. வீடியோவில் பார்த்தால் கைகள் தோளுக்கு நேராகத்தான் இறங்கியிருந்தன. கூடவே இடப்பக்கம் மூச்செடுக்கவும் பழகினேன். ஆறு வாரம் தண்ணீர் குடித்தேன். ஆனால் பிற்பாடு கடலில் அதுதான் காப்பாற்றியது. அலை ஒரு பக்கத்திலிருந்து வாயில் அடிக்கும்போது மறுபக்கம் மூச்செடுக்கத் தெரியாதவர்கள் பாவம்.

கை திருந்தினாலும் கண் வேண்டும். தலையைத் தூக்கி முன்னால் பார்ப்பதை நீச்சல்காரர்கள் சைட்டிங் என்பார்கள். நான் முதலில் செய்தது, முழுத் தலையையும் கழுத்துவரை தூக்கி, அங்கேயே மூச்சையும் எடுத்து, மிதவையைத் தேடி, காணாமல் இன்னும் கொஞ்சம் தூக்கி... அதற்குள் இடுப்பும் காலும் கீழே தொங்கிவிடும். நம் உடம்பில் மிதப்பது நெஞ்சுப் பகுதிதான், நுரையீரல் அங்கே இருக்கிறது. கால்கள் கனம். தலையைத் தூக்கினால் தராசுத்தட்டு மாதிரி கால் இறங்கும். இறங்கிய காலை மேலே கொண்டுவர நான்கைந்து வீச்சு வீணாகும்.

முதலையைப் பாருங்கள், கண் மட்டும்தான் நீருக்கு மேலே இருக்கும். அதுதான் கணக்கு. முன்கை நீரைப் பிடித்து அழுத்தத் தொடங்கும்போது காகிள்ஸ் (நீச்சல் கண்ணாடி) மட்டும் வெளியே வரும் அளவுக்குத் தூக்கி, ஒரு 'படம்' எடுத்துக்கொண்டு, அதே ஓட்டத்தில் தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்க வேண்டும். பார்ப்பது வேறு, மூச்செடுப்பது வேறு. ஒரு படத்தில் மிதவை தெரியவில்லை என்றால் நின்று தேடக் கூடாது. அடுத்த வீச்சில் இன்னொரு படம். மூன்று படம் சேர்ந்தால் எங்கே இருக்கிறோம் என்று புரிந்துவிடும். எட்டு வீச்சுக்கு ஒருமுறை பார்க்கிறேன். என்னைவிட நேராக நீந்துகிறவர்கள் பன்னிரண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அலை இருந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அலை நம்மைத் தூக்கும்போது பார்க்க வேண்டும். பள்ளத்தில் இருக்கும்போது பார்த்தால் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய பாடம், மிதவையையே நம்பக் கூடாது என்பது. நீர்மட்டத்திலிருந்து பார்த்தால் 300 மீட்டருக்கு அப்பால் இருக்கும் மிதவை ஒரு பொட்டு. அதற்கு நேர் பின்னால் கரையில் உயரமாக ஏதாவது இருக்கும், தனி மரமோ கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ. அதைக் குறியாக வைத்துக்கொண்டால் தலையைப் பாதி தூக்கினாலே போதும். தொடங்குவதற்கு முன் கரையில் குந்தி உட்கார்ந்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு குறி தேர்ந்தெடுத்துவிடுவேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். காலைப் போட்டியில் எந்தத் திசையில் சூரியன் கண்ணில் அடிக்கும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். முதல் தடவை நான் வெள்ளைக் கண்ணாடிக் காகிள்ஸ் போட்டு, உதிக்கும் சூரியனை நோக்கி 250 மீட்டர் குருட்டாம்போக்கில் நீந்தியவள்.

மூன்றாம் வருடம் என் வாட்ச் காட்டியது 1.04 கிலோமீட்டர். 13 நிமிடமும் கிடைத்துவிட்டது.

அந்த இரண்டரை நிமிடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோச் கோபித்துக்கொள்வான். நான் ஒவ்வொரு தடவையும் 2 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் நீந்திக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தினான். 400 மீட்டர் ஒன்று, போதிய ஓய்வுக்குப் பிறகு 200 மீட்டர் ஒன்று, இரண்டையும் முடிந்தவரை வேகமாக நீந்தச் சொல்லி நேரம் குறித்தான். 400க்கு 10 நிமிடம் 20 விநாடி, 200க்கு 5 நிமிடம். வித்தியாசம் 5 நிமிடம் 20 விநாடி, அதில் பாதி 2 நிமிடம் 40 விநாடி. நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கக்கூடிய என் வேகத்தின் எல்லை, 100 மீட்டருக்கு இதுதான் என்றான். அந்த வேகத்தில் 100 மீட்டர் எட்டு முறை, நடுவில் 20 விநாடி ஓய்வு. கேட்க எளிது. ஆறாவது முறை போகும்போது ஏன் பிறந்தோம் என்றிருக்கும். வாரத்தில் ஒருநாள் இது, ஒருநாள் கைவீச்சுத் திருத்தம், ஒருநாள் நீண்ட தூரம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதனை. இப்போது 400க்கு 9 நிமிடம் 25 விநாடி, 200க்கு 4 நிமிடம் 35 விநாடி.

இதிலும் பலத்தைவிட நீரின் தடையைக் குறைத்ததுதான் அதிகம் உதவியது. வேகம் இரு மடங்கானால் நீரின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். தொங்கும் காலோடு வலுவாகக் கைவீசுவது கைபிரேக்கை விடுவிக்காமல் வண்டி ஓட்டுகிற மாதிரி. பார்வையைக் கீழே நேராக வைத்து, பின்னந்தலையை நீரோடு ஒட்டவிட்டதும் கால் மேலே வந்தது. ஒன்று மட்டும் திறந்த நீருக்கு வேறு. குளத்தில் அழகாக நீண்டு, சறுக்கி, நிதானமாக அடுத்த கையை வீசலாம். சலசலப்பான நீரில் அந்தச் சறுக்கலின்போதே சிற்றலை நம்மை நிறுத்திவிடும். அங்கே வீச்சைக் கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் அடிக்கடி வைக்க வேண்டும்.

வயதைப் பற்றி யாராவது கேட்டால் ஓட்டோ தேனிங்கைச் சொல்வேன். தென்னாப்பிரிக்கர். 2014இல் 73 வயதில், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கும் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதே கால்வாயை முதன்முதலில் துணைச் சாதனம் ஏதுமின்றிக் கடந்த மேத்யூ வெப் 1875இல் எடுத்துக்கொண்டது 21 மணி 45 நிமிடம், அதுவும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில், அதாவது தவளை நீச்சலில். 1926இல் கெர்ட்ரூட் எடர்லி, கைகளை மாற்றி மாற்றி வீசும் கிரால் நீச்சலில் பதினான்கரை மணி நேரத்தில் கடந்து, அதுவரை நீந்திய ஆண்கள் எல்லோரையும்விட வேகமானவர் ஆனார். இன்னொன்று, அந்தக் கால்வாயில் கூட வரும் படகைத் தொட்டாலே நீச்சல் செல்லாது. நான் கயாக்கில் தொங்கிய நான்கு நிமிடத்தை அங்கே யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள்.

ஏரி பழகியதும் கடல். உப்பு நீரின் அடர்த்தி நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கூடுதல். அது காகிதத்தில்தான் சின்ன எண். உடம்பு நன்றாகத் தெரியும்படி மேலே மிதக்கும். இங்கே நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் கொஞ்சம் பயத்தோடு கற்றது. கரைக்குத் திரும்பும்போது 60 மீட்டர் தொலைவில் மணல் தெரிகிறது, கைவீசுகிறேன், மணல் பக்கத்தில் வரவே இல்லை. நேராக அலை உடையாமல் அமைதியாக இருக்கிற இடமாகப் பார்த்து உள்ளே வர நினைத்தது என் புத்திசாலித்தனம். அலை உடையாமல் இருக்கும் அந்த இடைவெளிதான் கரையில் சேர்ந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடும் வாய்க்கால், இழுவை. அதை எதிர்த்து நீந்தி ஜெயித்தவர் இல்லை. கூட வந்த நண்பர் "பக்கவாட்டுல வாங்க, பக்கவாட்டுல!" என்று கத்தினார். கரைக்கு இணையாக நாற்பது ஐம்பது மீட்டர் நீந்தினேன். வெள்ளை நுரையோடு அலை உடையும் இடம் வந்தது. அடுத்த மூன்று அலைகள் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து மணலில் போட்டன. இழுவை ஆளை நீருக்கடியில் இழுக்காது, கடல் பக்கம் கொண்டுபோகும், அவ்வளவுதான். ஆளைக் கொல்வது எதிர்த்து நீந்திக் களைப்பது. இப்போது இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் கரையில் நின்று, நுரை எங்கே இல்லை என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

கடலில் காலையில்தான் நீந்துகிறேன். வெயில் ஏறித் தரை சூடானதும் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும், நீர்மேல் சிற்றலை எழும்பும். பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் எங்கும் இறங்குவதில்லை, ஊரின் சாக்கடை எல்லாம் நீரில்தான் இருக்கும். இடி கேட்டால் கரை. தனியாக ஒருபோதும் இல்லை.

சாமான் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள், ஆனால் அதிகம் சொல்ல இல்லை. பளிச்சென்ற நிறத்தில் தொப்பி, இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் ஆரஞ்சு மிதவைப் பை. அந்தப் பையால் வேகம் குறையும் என்று நான் முதலில் ஒதுக்கினேன். குறையவில்லை. நீரில் நம் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும், மோட்டார் படகு ஓட்டுகிறவருக்கு அதுகூடத் தெரியாது. கழுத்தின் பின்புறம், அக்குள், உடையின் ஓரம் எல்லாம் உராய்ந்து தோல் உரியாமல் இருக்க வாசலைன். ஒருநாள் தடவ மறந்து 2 கிலோமீட்டர் கடலில் நீந்திவிட்டு வெந்நீரில் குளித்தேன். அலறல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். வாசலைனைக் கடைசியில் தடவுங்கள், அந்தக் கையோடு காகிள்ஸைத் தொட்டால் அன்றைக்கு எதுவும் தெரியாது.

குளிர் நீரிலிருந்து வெளியே வந்த பிறகுதான் இன்னொரு கண்டம் இருக்கிறது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். கரையேறியதும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஈர உடையோடு நின்று அரட்டை அடித்தேன். பத்து நிமிடத்தில் பல் கிட்டியது, கையில் இருந்த டம்ளரில் பாதி கீழே கொட்டியது. கரையேறிய பிறகும் உடம்பின் உட்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வந்ததும் ஈரத்தைக் களைந்து, மேலுடம்பில் உலர்ந்த துணி, தொப்பி, அப்புறம் சூடாக ஏதாவது குடிப்பது. உடனே கொதிக்கும் வெந்நீரில் குளிப்பது மயக்கத்தில் கொண்டுபோய்விடும். துணிகளைப் போடும் வரிசையிலேயே பைக்குள் அடுக்கி வைக்கிறேன், நடுங்கும் விரலுக்குப் பொத்தானே எதிரி.

இப்போது 5 கிலோமீட்டருக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் நீச்சல் என்பதால் நடுவில் குடிக்க வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை. போன வாரம் கடலில் முதல் ஒத்திகை. நண்பர் கயாக்கிலிருந்து பாட்டிலை நீட்டினார், நான் நிமிர்ந்து நின்று நீரை மிதித்தபடி மூடியைத் திறந்து, குடித்து, இரண்டு வார்த்தை பேசி, திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் வந்து வாட்சைப் பார்த்தால், அந்த ஒரு நிமிடத்தில் நீரோட்டம் என்னைப் பின்னால் கொண்டுபோயிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்படி என்றால் கடைசியில் நல்ல தூரம் கூடுதல். மறுபடி அதே பழைய கதை. பாட்டிலைக் கயிற்றில் கட்டி வீசினால் மல்லாந்தபடியே, காலை உதைத்துக்கொண்டே குடிக்கலாம் என்கிறார் நண்பர். இந்த ஞாயிறு கயிற்றோடு வருகிறார். நான் பேசக் கூடாதாம்.